இழுவண்டிக்கு ஏற்ற வில் எது?

காளஹஸ்தி, தமிழ் இலக்கியத்தில் காளத்தி எனப் புகழ் பெற்ற தலமாகும். ஐம்பூதத் தலங்களுள் இது காற்றுக்கு உரியது. சொர்ணமுகி ஆறு இவ்வூரை அடுத்துப் பாய்கிறது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் இப்போது உள்ளது. இங்கே தார்ச்சாலையை விட்டு இறங்கும் வண்டி ஆற்று மணல், ஏரிக்கரை மண், குன்றடிச் சரளை ஆகிய மூவகை நிலத்தையும் எதிர்கொள்ள வேண்டும்.

நீர் மாதிரிப் புட்டிகள், விதை மூட்டைகள், அளவைக் கருவிகள் முதலியவற்றை இத்தகைய பாதைகளில் கொண்டுசெல்லும் கள அலுவலர்க்கு, ஜீப்பின் பின்னே பூட்டும் டிரெய்லர் என்னும் இழுவண்டி பெரிதும் உதவும். உள்ளூர்ப் பட்டறையிலேயே அதனைச் செய்துகொள்ளவும் இயலும். ஆனால் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் காட்டும் கவனத்தைப் பலர் வில்லுக்குக் காட்டுவதில்லை. “கிடைப்பதில் தடித்ததைப் போடு” என்பதே பொதுவான முடிவாக இருக்கிறது. இம்முடிவு புட்டிகளை உடைக்கும்; சில வேளைகளில் அச்சையும் முறிக்கும். தக்க வில்லைத் தேர்வது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

வில்லின் வேலை

வில்வண்டி நம் நாட்டார்க்குப் புதியதன்று. மாட்டுவண்டியின் அச்சுக்கும் மேற்கூட்டுக்கும் இடையே எஃகுத் தகட்டு வில்லை அமைத்ததால் அதற்கு அப்பெயர் வந்தது. மேனாட்டில் ஒபதையா எலியட் என்பவர் 1804இல் நீள்வட்ட வடிவத் தகட்டு வில்லுக்கு உரிமம் பெற்றார். விசைக்கு ஏற்ப வில் நீளும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் 1678இலேயே விளக்கி வெளியிட்டிருந்தார்.

சுமை ஏறும்போது வில் எவ்வளவு தாழ்கிறதோ அதனை அமிழ்வு எனக் குறிப்போம். வில்லின் இயல்பு முழுவதையும் இந்த ஓர் அளவு கொண்டே பெரும்பாலும் அறியலாம். வில்லின்மேல் நிற்கும் கூடு ஒருமுறை எழுந்து தாழ எடுக்கும் நேரம், அமிழ்வின் நீளமுள்ள தனி ஊசல் ஒருமுறை ஆட எடுக்கும் நேரத்துக்குச் சமமாகும். அமிழ்வைச் செண்டிமீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 5ஆல் வகுத்தால் அந்நேரம் விநாடியில் கிடைக்கும்.

ஒரு கணக்கு

சக்கரமும் அச்சும் நீங்கலாக, வில்கள் தாங்கும் எடை வெறுமையில் 200 கிலோ, முழுச்சுமையில் 450 கிலோ எனக் கொள்வோம். இரு வில்களும் சேர்ந்து 50 கிலோவுக்கு 1 செ.மீ. அமிழுமாயின், வெறுமையில் அமிழ்வு 4 செ.மீ.; முழுச்சுமையில் 9 செ.மீ. ஆட்ட நேரம் முறையே 0.4 விநாடியும் 0.6 விநாடியும் ஆகும்.

வலிமை வேண்டித் தகடுகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கினால் விளைவு யாது? ஒரே நீளமும் தடிப்பும் உடைய தகடுகளாயின், அமிழ்வு பாதியாகி வெறுமையில் 2 செ.மீ. மட்டுமே இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வில் அதனைக் கீழே தள்ளக்கூடிய தொலைவு இந்த அமிழ்வளவே. எனவே 2 செ.மீ.க்கு மேற்பட்ட பள்ளத்தைச் சிறிது வேகத்தில் கடந்தாலே, டயரின் நெகிழ்ச்சி தவிர வேறு துணையின்றிச் சக்கரம் தரையை விட்டெழும். அடுத்த கணம் அது மோதித் தரையைத் தொடும். வெறும் வண்டி துள்ளுவதன் காரணம் இதுவே. தடித்த வில் அச்சைக் காப்பதாகத் தோன்றினும், மெய்யாகவே மோதலை அச்சுக்கும் சுமைக்கும் அனுப்பிவிடுகிறது.

மறுபுறம், வில் மிக மென்மையாக இருத்தலும் தீது. முழுச்சுமையில் 9 செ.மீ. அமிழ்ந்த வில், மேலும் 9 செ.மீ. அமிழ்ந்தால் அதன் விசை இருமடங்காகும். ஆதலின் அச்சுக்கும் சட்டத்தின் இரப்பர்த் தடைக்கும் இடையே முழுச்சுமையில் அவ்வளவு இடைவெளி விடுதல் நன்று. அந்த இருமடங்கு விசையிலும் வில் நிலையாக வளையாதிருக்க வேண்டும்.

வகைகளின் ஒப்பீடு

வில்லின்றி அச்சைச் சட்டத்தோடு பிணைப்பது மிக எளிது. டிராக்டரின் பின்னே மெதுவாகச் செல்லும் மண் வண்டிக்கு அது போதும். அங்கே டயரிலுள்ள காற்றே வில்லாகிறது. கண்ணாடிப் புட்டிக்கு அது போதாது.

தகட்டு வில், பட்டறைகளில் ‘பட்டை’ எனப்படுவது, மூன்று வேலைகளை ஒருங்கே செய்கிறது: சுமையைத் தாங்குகிறது, அச்சை அதனிடத்தில் நிறுத்துகிறது, தகடுகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டத்தையும் ஓரளவு அடக்குகிறது. உடைந்த தகட்டைச் சிற்றூரிலும் மாற்றலாம்.

சுருள்வில் மென்மையானது, ஆனால் சுமையை மட்டுமே தாங்கும். அச்சை நிறுத்தத் தனிக் கைகளும், ஆட்டத்தை அடக்க ஷாக் அப்சார்பரும் வேண்டும். கைகளின் பற்றவைப்புச் சிறிது பிசகினாலும் சக்கரங்கள் நேரே ஓடா. இரப்பர் முறுக்கு அச்சுக்கு மசகு வேண்டுவதில்லை. எனினும் கெட்டால் வழியில் பழுதுபார்க்க இயலாது. காற்றுப்பை, சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்ற இடந்தரும். ஆயினும் முள்ளும் கல்லும் நிறைந்த பாதையில் அதற்குக் காவல் தேவை.

ஆகவே காளத்திச் சுற்றுப்புறம் போன்ற இடங்களுக்கு, அளவான எண்ணிக்கையுள்ள நீண்ட தகட்டு வில்களே ஏற்றவை. சரளைப் பாதையில் விரைந்து செல்ல நேருமாயின் ஷாக் அப்சார்பர் இணையைச் சேர்த்துக்கொள்க.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

வில்லை அச்சின்மேல் ஏற்றி வைத்தால் தரையிடைவெளி கூடும். வண்டியின் எடைமையமும் உயரும். சக்கர இடைவெளி 140 செ.மீ., எடைமைய உயரம் 70 செ.மீ. ஆயின், நிற்கும் வண்டி 45 பாகைச் சரிவில் கவிழும் நிலையடையும். உயரம் 85 செ.மீ. ஆனால் அவ்வெல்லை 40 பாகைக்கும் குறையும். ஓடும் வண்டிக்கு எல்லை இன்னும் தாழ்வானது. ஏரிக்கரையில் செல்வோர் இதனை மறத்தலாகாது. கனமான பொருள்களை அடியில் அச்சுக்கு அருகே வைத்து, மொத்த எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கொக்கியின்மேல் அமையுமாறு செய்க.

வில்லை அச்சோடு பிணைக்கும் யு வடிவப் போல்ட்டுகளை முதற் சுமைப் பயணத்துக்குப் பின் மீண்டும் இறுக்குக. கொக்கியோடு காப்புச் சங்கிலியும் இருத்தல் வேண்டும். ஆற்று மணலில் டயர்க் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் அகன்று பதியும். கரையேறியதும் காற்றை நிரப்புதல் இன்றியமையாதது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவண்டியும் பதிவுக்குரியதே. வேலை தொடங்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிக.

வகுப்புக்குரிய பயிற்சி

1. வண்டியின் சட்டத்தை ஜாக்கியால் உயர்த்தி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள தொலைவை அளக்க. வண்டியை இறக்கி, உராய்வு நீங்க இரண்டு மூன்று முறை அசைத்து, மீண்டும் அளக்க. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அமிழ்வு.

2. அதே நீளமுள்ள நூலில் சிறு கல்லைக் கட்டி ஊசலாக்குக; நீளத்தைக் கல்லின் நடுவரை கொள்க. 20 ஆட்டங்களின் நேரத்தை அளந்து 20ஆல் வகுத்து, மேற்கூறிய விதியின் விடையோடு ஒப்பிடுக.

3. பாதையில் 5 மீட்டருக்கு ஒருமுறை மேடு வருகிறது. ஆட்ட நேரம் 0.6 விநாடியாயின், எவ்வேகத்தில் வண்டியின் ஆட்டம் மேடுகளோடு இசைந்து பெருகும்? (விடை: மணிக்கு 30 கி.மீ. அவ்வேகத்தைத் தவிர்க்குமாறு ஓட்டுநர்க்கு முன்னரே கூறுதல் நன்று.)