மலையிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு

எங்கள் ஜவ்வாது மலை ஸ்ரீபதி சிவில் நீதிபதி ஆனதிலிருந்து, சட்டம் படிக்கும் என் மகளுக்கும் ஆசை. உயர் நீதிமன்ற நீதிபதியாக என்ன பரீட்சை எழுத வேண்டும்?
– ஒரு தாய், ஜமுனாமரத்தூர்

பரீட்சையே கிடையாதம்மா! விண்ணப்பப் படிவமும் இல்லை. பத்து ஆண்டு நீதிபதியாகவோ வக்கீலாகவோ இருந்திருக்க வேண்டும். மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் நியமிப்பார்.

பரீட்சை எல்லாம் கீழ்ப்படிக்குத்தான். பிரசவமான இரண்டாம் நாளே சென்னைக்குப் போய்த் தேர்வெழுதிய ஸ்ரீபதி, 23 வயதில் தேர்வானார். இப்போது அவ்வளவு சீக்கிரம் முடியாது. 2025 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டு வக்கீல் அனுபவத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கு என்பதால், பட்டம் வாங்கியதும் பார் கவுன்சிலில் பதியச் சொல்லுங்கள்.

சிவில் நீதிபதியாகத் தொடங்குபவர் மேலே போவதற்குள் வயதாகிவிடும் என்பதும் உண்மை. ஏழாண்டு வக்கீல் தொழில் செய்துவிட்டு நேரடியாக மாவட்ட நீதிபதித் தேர்வு எழுதுவது இன்னொரு வழி. உங்கள் மலையடிவாரத் திருப்பத்தூரில் வாதாடிய ஆர். பானுமதி அப்படித்தான் 1988-ல் மாவட்ட நீதிபதியானார். 2003-ல் சென்னை உயர் நீதிமன்றம், 2014-ல் உச்ச நீதிமன்றம்! மகளுக்கு முதலில் திருப்பத்தூரிலோ போளூரிலோ கண்டிப்பான ஒரு சீனியரைத் தேடுங்கள்.