கிராபிக்ஸ் வேலைக்கு எந்த ஓஎஸ்?

நம்பிக்கை: கிராபிக்ஸ் என்றாலே மேக்தான்.

இதற்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 1990இல் ஃபோட்டோஷாப் முதல் பதிப்பு வெளிவந்தபோது மேக்கில் மட்டுமே ஓடியது. விண்டோஸுக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. இன்று ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் எல்லாம் இரண்டிலும் ஓடுகின்றன. ஆனால் 3டிஎஸ் மேக்ஸ், ரெவிட் இரண்டுக்கும் விண்டோஸ் மட்டுமே. கட்டடங்களுக்கு 3டி காட்சி செய்து பிழைக்க நினைக்கும் பிள்ளைகள், யாரோ சொன்னார்கள் என்று கடன் வாங்கி மேக்புக்கோடு வந்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. ஃபைனல் கட் ப்ரோவில் கை பழகியவருக்கோ மேக்கை விட்டால் வேறு வழி கிடையாது. சாஃப்ட்வேரை முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: லினக்ஸ் சர்வருக்குத்தான், கிராபிக்ஸுக்கு ஆகாது.

நம்மூரில் அதிகம் பரவியிருக்கும் தவறு இதுதான். 1997இல் வந்த டைட்டானிக் படத்துக்கு ரெண்டர் செய்த டிஜிட்டல் டொமைன், ஆல்ஃபா சிப் பொருத்திய தன் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத்தான் போட்டிருந்தது. அதுவரை ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் விலை உயர்ந்த வொர்க்ஸ்டேஷன்களை நம்பியிருந்தன. அவற்றில் ஓடிய ஐரிக்ஸ், யுனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. யுனிக்ஸுக்கென்று ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த சொந்தக் கருவிகளைத் தூக்கி எறியாமல், மலிவான இன்டெல் கணினிகளுக்குக் கொண்டுபோக லினக்ஸ் கைகொடுத்தது. 2000களில் ஐஎல்எம், பிக்ஸார், ட்ரீம்வொர்க்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் வந்துவிட்டன. இன்றும் மாயா, ஹூடினி, நியூக் மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு.

ஸ்டுடியோக்கள் புத்தம் புதிய லினக்ஸைத் தேடி ஓடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பல ஸ்டுடியோக்கள் நம்பியிருந்த லினக்ஸ் பதிப்பான சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்தது. அதற்கு மாற்றாகப் பலரும் ராக்கி, ஆல்மா போன்றவற்றுக்குப் போனார்கள். அவை நீண்ட காலம் மாறாமல் நிற்பவை. கர்னல் அப்டேட் ஆகி, என்விடியா டிரைவர் அதோடு ஒத்துப்போகாமல், காலையில் கருப்புத் திரை வந்தால் அன்றைய வேலை போயிற்று. வீட்டில் தனியாக வேலை செய்பவரும் இந்த நிதானத்தைக் கடைப்பிடிக்கலாம்.

அடோபியின் ஃபோட்டோஷாப், பிரீமியர் போன்றவை லினக்ஸுக்குக் கிடையாது. விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாகச் சில பதிப்புகளை ஓட்டிவிடலாம்தான். ஆனால் நாளை டெலிவரி என்று வாக்குக் கொடுத்த வேலையை அதை நம்பி எடுக்காதீர்கள்.

நம்பிக்கை: ஓஎஸ்ஸை மாற்றினால் ரெண்டர் பறக்கும்.

ரெண்டரின் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டும் அதன் மெமரியும். 4096க்கு 4096 பிக்சல் டெக்ஸ்சர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிக்சலுக்கு 4 பைட் என்றால் சுருக்காத நிலையில் அது 64 எம்பி. நூறு டெக்ஸ்சர் போட்டால் ஆறு ஜிபிக்கு மேல் போய்விடும். 8 ஜிபி கார்டில் மீதி இடம் மாடலுக்கும் ஒளிக்கணக்குக்கும் எப்படிப் போதும்? நிரம்பினால் ரெண்டர் நின்றுவிடும், அல்லது கணினியின் ரேமைக் கடன் வாங்கித் தவழும். எந்த ஓஎஸ்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

ஓஎஸ் குறுக்கே வருவது வேறோர் இடத்தில். 2018இல் மொஹாவி வந்ததிலிருந்து புதிய மேக்ஓஎஸ்களுக்கு என்விடியா தன் டிரைவரை வெளியிடவில்லை; ஆகவே ரெண்டரர்கள் என்விடியா கார்டைப் பயன்படுத்த உதவும் கூடா, ஆப்டிக்ஸ் இரண்டும் அங்கே இல்லை. உங்கள் ரெண்டரர் கூடாவை மட்டுமே நம்பியிருந்தால் மேக்கை மறந்துவிடுங்கள். பிளெண்டரின் சைக்கிள்ஸ் 2022இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து ஆப்பிளின் கிராபிக்ஸ் தளமான மெட்டலிலும் ஓடுகிறது. ஆப்பிள் சிப்பில் சிபியுவும் ஜிபியுவும் ஒரே மெமரியைப் பகிர்வதால், சிறிய கார்டில் அடங்காத காட்சிகூட ரேம் அதிகமுள்ள மேக்கில் அடங்கிவிடும்.

நம்பிக்கை: மேக்கில்தான் நிறம் சரியாகத் தெரியும்.

மானிட்டரும், அதைக் காலிபரேட் செய்த ப்ரொஃபைலும் சரியாக இருந்தால் மூன்று ஓஎஸ்ஸிலும் நம்பி வேலை செய்யலாம்.

நம்பிக்கை: ஒரே சாஃப்ட்வேர் என்றால் எல்லா ஓஎஸ்ஸிலும் ஒன்றுபோல இருக்கும்.

டாவின்சி ரிசால்வ் மூன்றுக்கும் கிடைக்கிறது. ஆனால் அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 வீடியோக்களைத் திறக்காது. போனில் எடுத்த காட்சி டைம்லைனில் வராமல் போனால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றி, ஆடியோவை ஏஏசியிலிருந்து பிசிஎம்முக்குக் கொண்டுவந்து மறுபடி இறக்குங்கள்.