பெயர்ப் பட்டியலைச் சீராக்க ஒரு மேக்ரோ

ஆங்கிலப் பெயர்ப் பட்டியலைப் பலர் சேர்ந்து டைப் செய்தால், ஒருவர் எல்லாவற்றையும் கேப்பிட்டலில் அடித்திருப்பார். இன்னொருவர் எல்லாவற்றையும் ஸ்மால் லெட்டரில். சான்றிதழ் அச்சிடும் முன் எல்லாம் ஒரே மாதிரி ஆக வேண்டும். ஒவ்வொரு செல்லாகத் திருத்தினால் நேரமும் போகும், புதிய பிழைகளும் புகும். இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸ் கால்க்கில், ஒரு வரி நிரல்கூட எழுதாமல் இதற்கு மேக்ரோ (கட்டளைகளை ஒருமுறை பதிந்து வைத்து, வேண்டும்போது மீண்டும் ஓட்டும் வசதி) செய்யலாம்.

1. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் லிப்ரேஆபிஸ், அதன் கீழ் அட்வான்ஸ்டு. அங்கே ‘எனேபிள் மேக்ரோ ரெக்கார்டிங்’ கட்டத்தில் டிக் செய்யுங்கள்.

2. கோப்பின் நகல் ஒன்றைத் திறந்து, பெயர்கள் உள்ள சில செல்களை முதலிலேயே செலக்ட் செய்யுங்கள். பதிவு தொடங்கிய பிறகு வேறு செல்லைத் தொட்டால் அந்த முகவரியும் பதிவாகிவிடும். பிறகு மேக்ரோ எப்போதும் அங்கேயே போய் நிற்கும்.

3. டூல்ஸ், மேக்ரோஸ், ரெக்கார்ட் மேக்ரோ.

4. ஃபார்மேட் மெனுவில் டெக்ஸ்ட். முதலில் ‘லோயர்கேஸ்’, அடுத்து ‘கேப்பிட்டலைஸ் எவ்ரி வேர்ட்’. எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிட்டு முதலெழுத்தைப் பெரிதாக்குவதால், பெயர்கள் எப்படிக் கலந்து கிடந்தாலும் முடிவு சீராக வரும்.

5. ‘ஸ்டாப் ரெக்கார்டிங்’ அழுத்தி, மை மேக்ரோஸ் பகுதியில் சேமியுங்கள். மேக்ரோவின் பெயரில் இடைவெளி கூடாது.

6. டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு. வேறு வேலை ஒதுக்கப்படாத ஷார்ட்கட் ஒன்றைத் தேர்ந்து மேக்ரோவுக்குக் கொடுங்கள்.

இனி செல்களை செலக்ட் செய்து அந்த ஷார்ட்கட்டை அழுத்தினால் போதும். தவறான இடத்தில் ஓட்டிவிட்டால் கன்ட்ரோல் இசட். கட்டளைகள் இரண்டு என்பதால் இரண்டு முறை அழுத்த வேண்டும்.

கவனிக்க வேண்டியவை மூன்று:

• ஐடிஐ, எஸ்பிஐ போன்ற சுருக்கப் பெயர்களிலும் முதலெழுத்து மட்டுமே பெரிதாக நிற்கும். அவற்றைக் கையால் திருத்துங்கள்.

• ஐஎஃப்எஸ்சி, பான் எண்கள் உள்ள நெடுவரிசைக்கு இந்த மேக்ரோ வேண்டாம். ‘அப்பர்கேஸ்’ கட்டளையை மட்டும் வைத்துத் தனி மேக்ரோ பதியுங்கள்.

• ஃபார்முலா தரும் விடைகள் மாறாது. மூலச் செல்லில்தான் மாற்ற வேண்டும். தமிழ் எழுத்துகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

சான்றிதழில் உள்ள பெயர் ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் கூடவே வருவது. மேக்ரோ ஓடி முடித்த பிறகும், பட்டியலை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிட்டே அச்சுக்கு அனுப்புங்கள்.