விண்டோஸ் 11-க்கு மாறிய பின் பழைய பிரிண்டரை ஓட வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறிய பலருக்கு, நேற்று வரை அச்சடித்த பிரிண்டர் இன்று 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. உடனே புதிது வாங்கக் கிளம்ப வேண்டாம். இயந்திரத்தில் கோளாறு இருப்பது அபூர்வம். பெரும்பாலும் கணினியையும் பிரிண்டரையும் பேச வைக்கும் மென்பொருளான டிரைவரில்தான் சிக்கல். கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் உழைக்கின்றன. டோனர் ரீஃபிலும் எளிதாகக் கிடைக்கிறது. ஓடுகிற இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்ப மனம் வரக் கூடாது.

உங்கள் பிரிண்டர் எந்த வகை?

பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழிகள் தெரிந்த பிரிண்டர் பக்கத்தைத் தானே வடிவமைத்துக்கொள்ளும். விண்டோஸிலேயே இருக்கும் பொது டிரைவர் அதற்குப் பெரும்பாலும் போதும்.

மேலே சொன்ன இரண்டும் அப்படியல்ல. விலையைக் குறைப்பதற்காக அந்த வேலையைக் கணினியிடம் விட்டுவிட்ட மாடல்கள் அவை. 1020-க்கு ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் பிரிண்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைக்கூடக் கணினிதான் ஏற்ற வேண்டும். அதனால் அந்தந்த மாடலுக்குரிய டிரைவர் இல்லாமல் ஒரு வரிகூட வராது.

விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. பிரிண்டரோடு வந்த சிடியில் 32 பிட் டிரைவர் மட்டும் இருந்தால் அது உதவாது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப்பில் வழக்கமான 64 பிட் டிரைவரும் ஏறாது. அத்தகைய லேப்டாப்பை வாங்கும் முன்பே உங்கள் பிரிண்டருக்கு டிரைவர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையதை முழுதாக நீக்குங்கள்

யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுங்கள். செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்துக்குப் போய்ப் பிரிண்டரை நீக்குங்கள். அதோடு வேலை முடியாது. அதே பக்கத்தில் 'பிரிண்ட் சர்வர் பிராபர்டீஸ்' திறந்து, 'டிரைவர்ஸ்' பகுதியில் பழைய டிரைவரை அதன் பேக்கேஜோடு சேர்த்து நீக்குங்கள். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

புது டிரைவரை ஏற்றுங்கள்

தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் மாடல் எண்ணைத் தேடி 64 பிட் டிரைவரை இறக்குங்கள். விண்டோஸ் 11 என்று தனியாக இல்லாவிட்டால் விண்டோஸ் 10-க்கானது பெரும்பாலும் ஓடும். தேடலில் முதலில் வருகிற 'இலவச டிரைவர்' தளங்களைத் தொடாதீர்கள். 'பிரிண்டர் உதவி எண்' என்று கிடைக்கும் எண்களை அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கொடுத்துப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. இதில் கவனம் மிக அவசியம்.

இன்ஸ்டாலர் கேட்கும்போதுதான் கேபிளைச் செருக வேண்டும். தளத்தில் டிரைவர் இல்லையென்றால், பிரிண்டரைக் கையால் சேர்க்கும் வழியில் போய், டிரைவர் பட்டியல் வரும்போது 'விண்டோஸ் அப்டேட்' பொத்தானை அழுத்துங்கள். பட்டியல் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும், பொறுமையாக இருங்கள். 1020-ஐப் பொறுத்தவரை டிரைவர் ஏறியதும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இன்னும் 'ஆஃப்லைன்' என்கிறதா?

கேபிளை வேறு யூஎஸ்பி துளையில் மாற்றிச் செருகினால் விண்டோஸ் சில நேரம் 'காப்பி 1' என்று இன்னொரு பிரிண்டரை உருவாக்கிவிடும். நீங்களோ பழைய பெயருக்கே அச்சடிக்க அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். 'பிரிண்டர் பிராபர்டீஸ்' உள்ளே 'போர்ட்ஸ்' பகுதியில், யூஎஸ்பி001, 002 என்று இருப்பவற்றில் இப்போது இணைந்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இயல்பு பிரிண்டரை விண்டோஸே தேர்வுசெய்யும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

வரிசையில் ஒரு வேலை சிக்கி நின்றால், 'சர்வீசஸ்' திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய், அங்கிருக்கும் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டுச் சேவையை மறுபடி தொடங்குங்கள்.

அச்சு வந்துவிட்டதா? இறக்கிய டிரைவர் கோப்பை, மாடல் எண்ணைப் பெயராக இட்டு, ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்களின் பக்கங்களைத் தயாரிப்பாளர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.