இது லேடீஸ் மேட்டர் மட்டும் இல்ல, பசங்களா!

கருப்பை வாய்ப் புற்றுநோய்னு சொன்னதும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இதுக்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். உடலுறவு மூலம் பரவும். ஆண்கள் உடம்பிலும் இருக்கும், ஆனா பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. அதாவது, பரவுறதுல நமக்கும் பங்கு இருக்கு. இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தொற்று புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 வருஷம் ஆகும். அதுக்குள்ள பரிசோதனை செய்தால், ஆரம்ப மாற்றத்திலேயே சரிசெய்துவிடலாம். 30 வயது தாண்டிய பெண்களுக்கு நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகச் செய்றாங்க. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் கழித்து வெள்ளைத் திட்டு தெரியுதான்னு பார்ப்பாங்க. அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் அம்மா போகல? "எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். கூச்சம் ஒரு பக்கம், வீட்டு வேலை ஒரு பக்கம். வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை.

நீங்க கேளுங்க. அப்பாகிட்டயும் பேசுங்க. அன்னைக்கு காலை சமையலை நீங்க பாத்துக்கோங்க, வண்டியில கூட்டிட்டுப் போங்க. 9 முதல் 14 வயசுல தங்கச்சி இருந்தா, தடுப்பூசி பத்தி டாக்டர்கிட்ட விசாரிங்க. செமஸ்டர் லீவுல ஒரு காலைப்பொழுது போதும்.