மருந்தை வடிகட்டும் வெள்ளி

எங்க அப்பா சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போவார். அந்தத் தோட்டத்துக் கிணத்துத் தண்ணியை அம்மா வேட்டித் துணியில் வடிகட்டித்தான் குடிக்கத் தருவாங்க. துணி மண்ணைத் தடுக்கும், மருந்தைத் தடுக்குமா? தடுக்காது. உப்புக் கரைத்த நீரைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், கீழே வருவதும் உப்புத் தண்ணிதான்!

இதற்குச் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். வெள்ளியை நானோ துகளாக்கி அலுமினாவின் மேல் படிய வைத்தார்கள். (ஒரு மீட்டரை 100 கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் 1 நானோமீட்டர்.) அலுமினா வேறொன்றுமில்லை, அலுமினியத்தின் ஆக்சைடு. குக்கரை ஆனோடைசிங் செய்யும்போது மேலே வளர்வதும் அதுதான். என்டோசல்பான் போன்ற மருந்து மூலக்கூறுகள் வெள்ளியில் ஒட்டிக்கொள்ளும். குளோரின் உள்ள சிலவற்றில் கார்பன்-குளோரின் பிணைப்பே உடைந்துவிடும். 2007-ல் இது வீட்டு வடிகட்டியாகக் கடைக்கு வந்தது.

ஒரு சங்கடம் உண்டு. வெள்ளியில் இடம் நிறைந்துவிட்டால் வேலை நின்றுவிடும், மாற்றணும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணி அப்போதும் தெளிவாகத்தான் இருக்கும்.

அப்பாவிடம் சொன்னேன். ஒண்ணும் பேசல. மறுநாள் மருந்து டப்பாவைக் கிணத்துமேட்டில் கழுவாமல் தள்ளிப்போய்க் கழுவினார்.

- 9-ஆம் வகுப்பு மாணவி