தற்பெருமை வேறு, தன்னறிமுகம் வேறு

நிறைகுடம் தளம்பாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். தன் திறமையைத் தானே எடுத்துப் பேசும் பெண்பிள்ளையை ஊர் அவ்வளவாக விரும்புவதில்லை. அடக்கம் நல்ல பண்புதான். நமது மார்க்கமும் அதையே வலியுறுத்துகிறது. ஆயினும், உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு வேலை தேடும் மாணவியும், வீட்டிலிருந்தே அபாயா தைத்து விற்கும் தாயும் இன்று ஒரு சிக்கலை எதிர்கொள்கிறார்கள். தம்மால் என்ன செய்ய முடியும் என்பதை அவர்கள் சொல்லாவிட்டால், அதையே தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது தெரியப்போவதில்லை.

வணிகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில் மாணவியரிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மிஸ், நம்மளப் பத்தி நாமளே எழுதினா அது பெருமையடிக்கிறது இல்லையா?" இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மார்க்கம் காட்டும் எல்லை

தம்மைத் தாமே பரிசுத்தர்கள் என்று சொல்லிக்கொள்வதை அல்குர்ஆன் (53:32) தடுக்கிறது. அதே அல்குர்ஆன் யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றையும் நமக்குச் சொல்கிறது. எகிப்தின் மன்னர் கண்ட கனவுக்கு அவர்கள் விளக்கம் கூறினார்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமித்து, பஞ்சமான ஏழு ஆண்டுகளைச் சமாளிக்கும் திட்டத்தையும் முன்வைத்தார்கள். அதன் பின்னர், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு மன்னரிடம் தாமாகவே கேட்டார்கள் (12:55). அதற்குத் தகுதியாக இரண்டு விடயங்களையே குறிப்பிட்டார்கள்: பாதுகாக்கும் நேர்மை, அத்துறை பற்றிய அறிவு.

யூசுப் (அலை) அவர்கள் நபியின் மகன். அழகுக்குப் பெயர் பெற்றவர்கள். அந்த இடத்தில் குலத்தையும் சொல்லவில்லை, அழகையும் சொல்லவில்லை. அந்தப் பொறுப்புக்கு எது தேவையோ அதை மட்டுமே சொன்னார்கள். ஒருவருடைய ஆற்றல் பிறருக்குத் தெரியாதிருந்து, அதைச் சொல்ல வேண்டிய தேவையும் ஏற்படும்போது, தன்னைப் பற்றிக் கூறுவது ஆகும் என்பதற்கு இவ்வசனத்தை இமாம் இப்னு கஸீர் போன்ற தப்ஸீர் அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டுகின்றனர்.

இதிலிருந்து மூன்று நிபந்தனைகளை நான் எடுத்துக்கொள்கிறேன். சொல்வதற்குத் தேவை இருக்க வேண்டும். சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். சொல்வது அந்த வேலையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால் அது தன்னறிமுகம். ஒன்று தவறினாலும் தற்பெருமையின் பக்கம் சாயத் தொடங்கிவிடும்.

சான்றோடு பேசுதல்

நமது மாணவியர் எழுதும் சுயவிபரக் கோவைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். "நான் கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவள், எப்பொறுப்பையும் ஏற்கத் தயாரானவள்" என்று எழுதுகிறார்கள். நூறு பேர் இதையே எழுதும்போது, வாசிப்பவருக்கு யாரைப் பற்றியும் எதுவும் தெரிவதில்லை.

அதே மாணவி இப்படி எழுதலாம்: "உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீடு கற்றேன். எமது பாடசாலை மன்றத்தின் வரவு செலவுக் கணக்கை இரண்டு ஆண்டுகள் எழுதினேன். எக்செல் மூலம் மாதாந்தக் கணக்கறிக்கை தயாரிப்பேன். சிங்களத்தில் உரையாடுவேன், எழுதுவதற்கு இன்னும் பயின்று வருகிறேன்." இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. எல்லாமே விசாரித்தால் உறுதிப்படுத்தக்கூடியவை. கடைசி வாக்கியத்தில் தன்னால் எது இன்னும் முடியாது என்பதையும் சொல்லியிருப்பதால், முன்னர் சொன்னவற்றின் மீதும் நம்பிக்கை கூடுகிறது.

அனுபவம் இல்லையே என்று கவலைப்படும் மாணவியர் தம் கையிலுள்ளதைத் தேடிப் பார்க்க வேண்டும். மீலாத் விழாவுக்கு அறிவிப்பு செய்தது, கையெழுத்துச் சஞ்சிகை தொகுத்தது, தம்பி தங்கைக்கும் அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கணிதம் சொல்லிக்கொடுத்தது, வாப்பாவின் கடைக் கணக்கைப் பார்த்தது எல்லாம் அனுபவங்களே. எந்த ஆண்டில், எவ்வளவு காலம், என்ன செய்தீர்கள் என்று எழுதினால் போதும்.

யாரிடம் சொல்வது?

வேலை வாய்ப்புச் செய்தி நமக்கு நெருங்கியவர்கள் மூலமே வரும் என்று நாம் எண்ணுகிறோம். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. பொஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டனில், அறிமுகமானவர்கள் மூலம் தொழில் பெற்றவர்களிடம் அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திக்கும் ஒருவர் மூலம் தொழில் பெற்றவர்கள் ஏறத்தாழ 17 வீதத்தினர் மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 56 வீதம். மிக அரிதாகச் சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 28 வீதம்.

இதற்கான காரணம் எளிதானது. நமது வீட்டாரும் உற்ற தோழியரும் நாம் அறிந்த செய்திகளையே அறிந்திருப்பார்கள். சற்றுத் தூரத்திலிருப்பவர்தான் நமக்குத் தெரியாத இன்னோர் உலகில் இருக்கிறார். 2022இல், லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிப் பயனாளரிடையே ஐந்து ஆண்டுகள் நடந்த பரிசோதனைகளின் முடிவு வெளியானது. மிக நெருங்கியவர்களோ, பெயரளவில் மட்டும் தெரிந்தவர்களோ அல்ல, இடைநடுவில் உள்ள அறிமுகங்களே தொழில் மாறுவதற்கு அதிகம் உதவின என்று அது காட்டியது.

நமது சூழலில் இந்த இடைநடு மனிதர்கள் யார்? நமக்கு மூன்று வகுப்பு முன்னே படித்த ராத்தா, பழைய மாணவியர் சங்கத்தினர், கணினி வகுப்பு எடுத்த ஆசிரியை, பயிற்சிக்குச் சென்ற அலுவலகத்தின் மேற்பார்வையாளர் ஆகியோரே. விண்ணப்பப் படிவங்களில் உறவினரல்லாத இருவரின் பெயரைக் கேட்கிறார்களே, அந்த இடத்தை நிரப்பக்கூடியவர்களும் இவர்கள்தாம்.

இவர்களுக்கு எழுதும்போது எடுத்த எடுப்பில் வேலை கேட்கக் கூடாது. ஸலாம் கூறி, யார் என்பதைச் சொல்லி, பதில் சொல்ல இலகுவான ஒரு கேள்வியைக் கேளுங்கள். "ராத்தா, நீங்கள் கணக்காய்வுத் துறையில் இருப்பதாக அறிந்தேன். உயர்தரத்துக்குப் பிறகு முதலில் எந்தப் பாடநெறியைத் தொடங்கினீர்கள்?" என்பது போதுமானது. பதில் வந்தால் நன்றி கூறுங்கள். அவர்களது ஆலோசனைப்படி செய்ததைப் பின்னர் அறிவியுங்கள். தேவைப்படும்போது மட்டும் நினைவுகூர்வது உறவாகாது.

வீட்டுத் தொழிலுக்கு ஒரு சந்தை

பெருநாள் நெருங்கும்போது வட்டிலப்பமும் கேக்கும் செய்து கொடுக்கும் தாய்மார் நமது ஊர்களில் ஏராளம். 2018இல் அறிமுகமான வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி இலவசமானது. படத்தோடும் விலையோடும் பொருட்பட்டியல் ஒன்றை அதில் வைத்திருக்கலாம். ஆனால், "சுவையோ சுவை! விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்" என்று எழுதுவதால் பயன் குறைவு. விலையை மறைத்தால், ஆளுக்கொரு விலையோ என்ற சந்தேகமே முதலில் எழும்.

"கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப் பால், முட்டை, ஏலம் சேர்த்தது. கஜு உண்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க. ஒரு தட்டு ஆறு பேருக்குப் போதும். விலை இவ்வளவு. இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்." வாங்குபவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் இதில் பதில் இருக்கிறது.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு சம்பவத்தை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்தது என்று வியாபாரி கூற, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரை வன்மையாகக் கண்டித்தார்கள். இணையத்தில் நாம் இடும் படம்தான் இன்றைய குவியலின் மேற்பகுதி. வேறொருவரின் கேக் படத்தை எடுத்துப் போடுவதும், துணியின் நிறத்தைச் செயலியால் மாற்றுவதும், சான்றிதழ் பெறாமல் ஹலால் இலச்சினையை ஒட்டுவதும் ஈரத்தை உள்ளே மறைப்பதுதான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் நுகர்வோரைப் பிழையாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது.

தொழில் சற்று வளர்ந்ததும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்கும் திறக்கலாம். அதன்பின் குடும்பப் பணமும் தொழிற்பணமும் கலக்காது.

எதைக் காட்டாமல் விடுவது?

தன்னை அறிமுகப்படுத்துவதென்றால் முகத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள், அது அவசியமல்ல. தையல் காரியின் தகுதி அவளது தையலில் இருக்கிறது. தையலை நெருக்கமாக எடுத்த ஒரு படமும், வாடிக்கையாளரின் அனுமதியோடு இடப்பட்ட ஒரு கருத்தும் முகத்தைவிட அதிகம் பேசும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, வீட்டு முகவரி ஆகியவற்றை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் கேட்டால் எழுதலாம். எல்லோரும் காணும் பக்கத்தில் இடக் கூடாது. தொழிலுக்குத் தனியான தொலைபேசி இலக்கம் வைத்துக்கொள்வது நல்லது. கூகுள் வரைபடத்தில் வீட்டுத் தொழிலைப் பதிவு செய்வோர் முகவரியை மறைத்து, சேவை வழங்கும் பகுதியை மட்டும் காட்டலாம். வேலை தருவதாகக் கூறிப் பதிவுக் கட்டணம் கேட்பவர்களையும், கையடக்கத் தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்பவர்களையும் நம்ப வேண்டாம். லிங்க்ட்இன் தளத்தில் இணைய ஆகக் குறைந்த வயது 16 என்பதையும் மாணவியர் கவனத்திற் கொள்க.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால், தொலைபேசியை முற்றாகப் பறிப்பதால் பிள்ளை பாதுகாப்படைவதில்லை. சில வேளை மறைத்துப் பாவிக்கவே பழகுகிறாள். அவளது தொழிற்பக்கத்துக்கு உம்மாவோ வாப்பாவோ இணை நிருவாகியாக இருங்கள். எவரேனும் தொந்தரவு செய்தால் அவள் முதலில் உங்களிடம் வருவதற்கு, அவளையே குற்றம் சொல்லமாட்டீர்கள் என்ற உறுதி அவளுக்கு வேண்டும். வந்த செய்தியை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 ஆகிய உதவி இலக்கங்கள் உள்ளன.

கதீஜா (ரழி) அவர்கள் மக்காவின் பெரும் வணிகராக இருந்தவர்கள். நபியவர்களின் வாய்மையையும் நம்பகத்தன்மையையும் கேள்வியுற்றே தமது வணிகப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். நற்பெயர் என்பது பிறர் நமக்காகச் சொல்லும் சாட்சி. அந்தச் சாட்சி பிறப்பதற்கு நமது வேலை முதலில் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

எனவே மாணவியரே, இவ்வாரம் ஒரு தாளில் ஐந்து வரிகள் மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் நீங்கள் செய்த ஒன்றாக, இன்னொருவர் ஆமென்று சொல்லக்கூடியதாக இருக்கட்டும். எழுதியதை வீட்டில் ஒருவரிடமும் ஆசிரியை ஒருவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் தன்னறிமுகம் அங்கிருந்து தொடங்கட்டும். நம் அனைவரது உழைப்பையும் ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக.